கிரேட்ஃபுல் டெட்: நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கச்சேரிப் பதிவு எது?

கேசட்காரன் எழுதியது:

‘தலைசிறந்த பத்து’ வகைப் பட்டியலை எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே திரும்பிவிடலாம். கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவினர் 1965இலிருந்து 1995 வரை ஏறத்தாழ 2,300 கச்சேரிகள் செய்தார்கள். பெரும்பாலானவற்றுக்கு ஏதோ ஒரு வடிவில் பதிவு இருக்கிறது. அத்தனையும் கேட்டுவிட்டேன் என்று மார்தட்டுகிறவரோடு எனக்குப் பேச்சில்லை. நான் கேட்டது முந்நூறு இருக்கும். நாடா தேயும்வரை கேட்டது நான்கைந்துதான்.

நான் அவர்களை நேரில் பார்த்ததில்லை. குழுவின் கிதார் கலைஞரும் பாடகருமான ஜெர்ரி கார்சியா இறந்தது 1995 ஆகஸ்ட் 9. நான் படிப்பதற்காக நியூயார்க் மாநிலத்தின் வடக்கே போய் இறங்கியது 1997இல். அறைத்தோழன் கட்டிலுக்கடியில் செருப்புப் பெட்டிகள் ஐந்தாறு வைத்திருந்தான். உள்ளே தொண்ணூறு நிமிடக் கேசட்டுகள். ஒவ்வொன்றின் முதுகிலும் தேதி, ஊர், எத்தனையாவது பிரதி என்ற குறிப்பு, எல்லாம் எறும்பு எழுத்தில். விலைக்கு வாங்கிய கேசட் ஒன்றுகூடக் கிடையாது. வெற்றுக் கேசட்டும் திரும்பி வரும் தபால் செலவும் அனுப்பினால், முன்பின் தெரியாத ஒருவர் பதிவு செய்து அனுப்புவார். காசு கேட்பவனை அந்த வட்டத்தில் யாரும் சேர்க்கமாட்டார்கள்.

முதலில் கையில் வந்தது 1972 ஆகஸ்ட் 27, ஆரிகன் மாநிலத்து வெனீட்டா. எழுத்தாளர் கென் கேசியின் தம்பி சக் நடத்திய பால்பண்ணை நொடித்துப்போகும் நிலையில் இருந்தது. அதைத் தூக்கி நிறுத்த ஒரு கச்சேரி. டிக்கெட்டையே தயிர் டப்பாவின் லேபிளில்தான் அச்சடித்தார்கள். வெயிலோ 100 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல். கிதார் தந்தி சுருதியில் நிற்கவில்லை. அந்தக் கலைந்த சுருதியோடுதான் ‘டார்க் ஸ்டார்’ என்ற அவர்களுடைய பாட்டு அரை மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. முடியும் என்று நினைக்கும்போது முடியாமல், எங்கெங்கோ போய், கடைசியில் ‘எல் பாசோ’ என்ற மாட்டுக்காரப் பாட்டில் வந்து விழுகிறது. முதல் முறை கேட்டபோது சிரித்துவிட்டேன். யாரோ தவறான கேசட்டை ஒட்டிவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

என் பிரதியில் அந்த டார்க் ஸ்டாரின் நடுவே ஒரு வெட்டு உண்டு. பக்கம் தீர்ந்து, யாரோ கேசட்டைத் திருப்பிப் போட்டிருக்கிறார். ‘க்ளக்’ என்று ஒரு சத்தம், இரண்டு விநாடி இரைச்சல், பிறகு இசை வேறொரு மனநிலையில் நடந்துகொண்டிருக்கும். 2013இல் அதிகாரப்பூர்வமாக வெளிவந்தபோது வாங்கினேன். வெட்டு இல்லை, இரைச்சல் இல்லை, கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஆனாலும் அந்த இடம் நெருங்கும்போது என் காது இன்னும் அந்த ‘க்ளக்’குக்காகக் காத்திருக்கிறது.

இரண்டாவது, 1970 பிப்ரவரி 13, நியூயார்க் ஃபில்மோர் ஈஸ்ட். குழுவின் ஒலிப்பொறியாளர் ஔஸ்லி ஸ்டான்லி பதிவு செய்தது. ‘டிக்ஸ் பிக்ஸ்’ என்ற அதிகாரப்பூர்வக் கச்சேரிப் பதிவு வரிசையில் நான்காவதாக வந்தது. பின்னிரவில் தொடங்கி விடியலை நோக்கிப் போகும் கச்சேரி. குழுவின் இன்னொரு பாடகர் பிக்பென் பாடும் கடைசிப் பாட்டில் அரங்கம் முழுவதும் அவர் உள்ளங்கையில் உட்கார்ந்திருப்பது காதுக்கே தெரியும்.

மூன்றாவது, 1975 ஆகஸ்ட் 13, சான் பிரான்சிஸ்கோவின் கிரேட் அமெரிக்கன் மியூசிக் ஹால். அந்த ஆண்டு முழுக்க அவர்கள் மேடையேறியது நான்கே முறை. சிறிய அரங்கம், அவசரமில்லாத வாசிப்பு.

கார்னெல் எங்கே என்று கேட்பீர்கள். ரசிகர்கள் கொண்டாடும் அந்த 1977 மே 8, கார்னெல் பல்கலைக்கழகக் கச்சேரி என் பட்டியலில் இல்லை. அது நல்ல கச்சேரிதான். ஆனால் அதன் புகழில் பாதி அந்த நாடாவின் தெளிவுக்குச் சேரவேண்டியது என்பது என் கட்சி. சண்டைக்கு வரலாம்.

சேது\_ஒலி எழுதியது:

வந்துவிட்டேன்.

பாதி நாடாவுக்குச் சேரவேண்டும் என்கிறீர்கள். சரி, அந்தப் பாதியைச் செய்தவருக்குப் பெயர் உண்டு. பெட்டி கேன்டர்-ஜாக்சன். மேடையொலிக் கலவையிலிருந்து அப்படியே ஒரு கம்பியை இழுத்து நாடாவில் விட்டவர் இல்லை அவர். நாடாவுக்கென்றே தனிக் கலவை செய்தவர். இது ஏன் முக்கியம் என்று, இருபது ஆண்டுகளாக அரங்குகளில் ஒலிக்கலவை செய்து வயிறு வளர்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். அரங்கில் கிதாரும் முரசும் மேடையிலிருந்தே காதைப் பிளக்கும். ஆகவே ஒலிக்கலவை மேசை வழியாக அவற்றைக் குறைவாகத்தான் அனுப்புவோம், குரலைத்தான் ஏற்றுவோம். அந்தக் கலவையை அப்படியே பதிந்தால், குரல் முகத்தில் அறையும், கிதார் பக்கத்து வீட்டில் கேட்கும். பெட்டியின் நாடாக்களில் அப்படி இல்லை. ஃபில் லெஷின் பேஸ் கிதார் எங்கே நிற்கிறது என்று விரல் வைத்துக் காட்டலாம்.

அந்த நாடாக்கள் பிழைத்ததே ஒரு கதை. வாடகை கட்டமுடியாமல் போன சேமிப்பு அறையிலிருந்து 1986இல் ஏலத்துக்குப் போயின. கை மாறி, பிரதியெடுத்து, ஊர் முழுக்கப் பரவி, கார்னெல் அதிகாரப்பூர்வமாக வெளிவந்ததோ 2017இல்தான். நாற்பது ஆண்டுகள்! அதற்கு முன்பே, 2011க்கான பட்டியலில், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அதைத் தேசிய ஒலிப்பதிவுக் கருவூலத்தில் சேர்த்துவிட்டது. கடையில் விற்பனைக்கே வராத பதிவுக்கு அரசாங்க மரியாதை.

இனி இசை. ‘ஸ்கார்லெட் பிகோனியாஸ்’ பாட்டிலிருந்து ‘ஃபயர் ஆன் த மவுண்டன்’ பாட்டுக்கு அவர்கள் போகும் வழியைக் கேளுங்கள். எந்த விநாடியில் முதல் பாட்டு முடிந்தது என்று சொல்லிவிட்டால் ஒப்புக்கொள்கிறேன். கடைசியில் ‘மார்னிங் ட்யூ’. கார்சியா தந்தியை விரைந்து மீட்டி மீட்டி ஏற்றிக்கொண்டே போகும் அந்தக் கடைசி நிமிடம் நாடாவின் தெளிவால் வந்ததா? ஒலிப்பதிவாளருக்குக் கொடுக்கவேண்டிய மரியாதையைக் கொடுங்கள், வாசித்தவனிடமிருந்து பிடுங்கிக் கொடுக்காதீர்கள்.

எடிசன்\_அக்கா எழுதியது:

இரண்டு பேருமே மேசைக் கம்பியில் தொங்கிக்கொண்டு பேசுகிறீர்கள். எனக்குப் பிடித்தவை ரசிகர்கள் கூட்டத்துக்குள் மைக்கைத் தூக்கிப் பிடித்து எடுத்த பதிவுகள்.

நான் நேரில் கேட்டவள், ஒரே ஒரு முறை. 1990 மார்ச் 29, லாங் ஐலண்டில் நாசோ கொலிசியம். கல்யாணமாகி அமெரிக்கா வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. என் கணவரின் அலுவலகத் தோழர் குடும்பத்தோடு கடைசி நேரத்தில் வரமுடியாமல் போய், டிக்கெட் எங்கள் கைக்கு வந்தது. எனக்கு அந்தக் குழுவின் பெயரும் தெரியாது, பாட்டும் தெரியாது. மேல் வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். முதல் பகுதியில் ஒருவர் சாக்சபோனோடு வந்தார். பிரான்ஃபோர்ட் மார்சாலிஸ் என்று பிறகு தெரிந்தது. ‘பேர்ட் சாங்’ ஒன்றில் வாசித்துவிட்டுப் போனார். இரண்டாம் பகுதி முழுக்க வந்து நின்றுவிட்டார்.

அந்த இரவு 2014இல் முழுதாக வெளிவந்தது. அதில் வரும் ‘ஐஸ் ஆஃப் த வேர்ல்ட்’ பாட்டை முன்பே ‘வித்தவுட் எ நெட்’ தொகுப்பில் போட்டிருந்தார்கள். அப்பழுக்கற்ற ஒலி. ஆனால் நான் உட்கார்ந்திருந்த இடம் அதில் இல்லை. ரசிகர் பதிவு ஒன்று கிடைத்தது. அதில் சாக்சபோன் நுழைந்ததும் கூட்டத்தில் ஒரு சத்தம் எழுகிறது பாருங்கள், கைதட்டலாகத் தொடங்காமல், ‘ஆ’ என்று மூச்சை இழுத்த மாதிரி, அதுதான் எனக்கு நினைவிருக்கிறது. பக்கத்தில் ஒரு பெண் யாரையோ “உட்கார், உட்கார்” என்று அதட்டுவதும் பதிவாகியிருக்கிறது. அதட்டியது நான் அல்ல.

லயம் எழுதியது:

அக்கா, அந்த ‘ஆ’ சத்தத்துக்கு நம் சபாக்களில் ‘பலே’ என்று பெயர்!

நான் மிருதங்கம் வாசிப்பவன். இந்தக் குழுவுக்குள் நான் வந்த வழியே வேறு. விக்கு விநாயக்ராம் ஐயாவின் கடத்தைத் தேடிப் போனபோது ‘பிளானட் டிரம்’ என்ற தொகுப்பு கிடைத்தது. 1991இல் வெளிவந்தது, உலக இசைக்கென்று கிராமி விருது முதன்முதலாகக் கொடுக்கப்பட்டபோது அதற்குத்தான் கிடைத்தது. யார் இந்த மிக்கி ஹார்ட் என்று பார்த்தால், டெட் குழுவின் இரண்டு முரசுக்காரர்களில் ஒருவர். ஜாகிர் உசேனோடு அவர் 1976இலேயே ‘தீகா ரிதம் பேண்ட்’ என்று ஒரு தொகுப்பு செய்திருக்கிறார். அதிலிருந்த ஒரு மெட்டுத்தான், சேது அண்ணா புகழும் அந்த ‘ஃபயர் ஆன் த மவுண்டன்’. கார்னெலில் கேட்கும்போது அந்தப் பாட்டு மேடைக்கு வந்து இரண்டு மாதம்கூட முடியவில்லை.

எனக்குப் பிடித்த பதிவு 1969இன் ‘லைவ்/டெட்’. எல்லோரும் அதிலுள்ள 23 நிமிட டார்க் ஸ்டாரைப் பேசுவார்கள். நான் அதற்குப் பின்னால் வரும் ‘தி இலெவன்’ பாட்டுக்காகவே போடுவேன். பெயரே கணக்கைச் சொல்லிவிடுகிறது: பதினொன்று. 3+3+3+2. தகிட தகிட தகிட தக. நம்மூர்ப் பையன் யாரிடமாவது போட்டுக் காட்டுங்கள், இரண்டாவது சுற்றிலேயே தொடையில் தட்ட ஆரம்பித்துவிடுவான். இன்னொன்று ‘ப்ளேயிங் இன் த பேண்ட்’, அது பத்து. ‘எஸ்டிமேட்டட் ப்ராஃபெட்’ ஏழு. தாளம் போட்டுக்கொண்டே கேட்டால் இவர்கள் எங்கே கணக்கை விட்டுவிட்டு மிதக்கிறார்கள், எங்கே திரும்பப் பிடிக்கிறார்கள் என்று தெரியும். சில இடங்களில் திரும்பப் பிடிக்காமலே போவதும் உண்டு. அதையும் நாடாவில் அப்படியே விட்டிருக்கிறார்கள்.

எண்பதுகளின்\_வக்கீல் எழுதியது:

வழக்கம்போல் 1977ஓடு உலகம் முடிந்துவிட்டது. எடிசன் அக்கா ஒருவர்தான் 1990ஐத் தொட்டார், அவருக்கு நன்றி.

நான் இரண்டே இரண்டு பதிவுகளைச் சொல்கிறேன். முதலாவது 1986 டிசம்பர் 15, ஓக்லண்ட். அந்த ஜூலையில் கார்சியா நீரிழிவு முற்றி நினைவிழந்து கிடந்தார். எழுந்த பிறகு கிதாரைப் புதிதாகக் கற்கவேண்டியிருந்தது. ஐந்து மாதம் கழித்து மேடையேறியவர் எடுத்த முதல் பாட்டு ‘டச் ஆஃப் கிரே’. பிழைத்துக்கொள்வேன் என்று பல்லவியிலேயே சொல்லும் பாட்டு. அந்த வரி வரும்போது எழும் கூச்சலைக் கேட்டுவிட்டு, எண்பதுகளில் உயிர் இல்லை என்று சொல்லுங்கள் பார்க்கலாம். வாசிப்பு அபாரமா என்று கேட்டால், சுமார்தான். அதனால் என்ன?

இரண்டாவது 1989 அக்டோபர் 9, வர்ஜீனியாவில் ஹாம்ப்டன் கொலிசியம். கூட்டம் அலைமோதக் கூடாது என்பதற்காகக் குழுவின் பழைய பெயரில், ‘முன்னாள் வார்லாக்ஸ்’ என்று விளம்பரம் செய்தார்கள். டார்க் ஸ்டாரை அவர்கள் வாசித்து ஐந்து ஆண்டுகளாகியிருந்தன. கடைசியாக 1984 ஜூலையில். அன்று முதல் சில சுரங்கள் விழுகின்றன. அரை விநாடி மௌனம். காதை நம்பலாமா என்று கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் மௌனம். பிறகு கூரை பறக்கிறது. இதற்கு மட்டும் நான் அக்கா கட்சி: ரசிகர் பதிவிலேயே கேளுங்கள்.

மழலை\_காது எழுதியது:

வணக்கம். இரண்டு வாரமாக இந்தக் குழுவைக் கேட்க முயன்றுகொண்டிருக்கும் புதியவன் நான். எல்லோரும் சொல்கிறார்கள் என்று ‘லைவ்/டெட்’ போட்டேன். டார்க் ஸ்டாரில் ஒன்பதாவது நிமிடம் தூங்கிப்போனேன். உண்மையைச் சொல்கிறேன், கோபிக்கவேண்டாம். எங்கே தொடங்குவது?

சேது\_ஒலி எழுதியது:

கோபம் எதற்கு தம்பி? நானும் தூங்கியிருக்கிறேன். முதல் நாளே ஒரு மணி நேர ஆலாபனைக்கு முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்தால் யாருக்கும் அதுதான் நடக்கும். ‘யூரோப் 72’ மூன்று தட்டுத் தொகுப்பைக் கேளுங்கள். 1972 ஏப்ரல், மே மாதங்களில் ஐரோப்பாவில் 22 கச்சேரிகள் செய்தபோது எடுத்தது. பாட்டுகள் பாட்டாகவே இருக்கும். பல இடங்களில் குரலை மட்டும் பின்னர் ஸ்டுடியோவில் திரும்பப் பாடிச் சேர்த்தார்கள், அதனால் பிசிறு குறைவு. பிடித்துப்போனால், அந்த 22 கச்சேரிகளும் 73 குறுந்தகடுகளாக 2011இல் வந்திருக்கின்றன. பிறகு நாங்கள் உங்களைப் பார்ப்பது கடினம்.

கேசட்காரன் எழுதியது:

சேது சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், எதில் தொடங்கக்கூடாது என்று. பெரிய இடம், பெரிய நாள் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். 1969இல் வுட்ஸ்டாக் இசைவிழாவில் இவர்கள் வாசித்ததை இவர்களே மறக்க விரும்பினார்கள். கிதாரைத் தொட்டால் மின்சாரம் அடித்திருக்கிறது. 1978 செப்டம்பரில் எகிப்து போய் கீசாவில் பிரமிடுகளின் அடிவாரத்தில் மூன்று இரவு வாசித்தார்கள். கடைசி இரவு சந்திர கிரகணம் வேறு. ஹம்சா எல் தின் தன் நூபியக் கலைஞர்களோடு கைத்தட்டித் தாளம் போட, அதிலிருந்து குழு மெல்ல முளைத்து எழும் இடம் மட்டும் அற்புதம். மற்றபடி இன்னொரு முரசுக்காரர் பில் கிரய்ட்ஸ்மனுக்குக் கையில் அடிபட்டு ஒரு கையால் முரசு வாசித்தார், பியானோ சுருதி சேரவில்லை. காட்சி பிரமாதம், கச்சேரி பரவாயில்லை.

லயம் எழுதியது:

1974 பதிவுகளில் குரல் மட்டும் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறதே, ஏன்? நல்ல வாசிப்பு, ஆனால் பாடத் தொடங்கினால் முகம் சுளிக்கிறேன்.

சேது\_ஒலி எழுதியது:

இதற்குத்தான் காத்திருந்தேன்!

அந்த ஆண்டு அவர்கள் ‘வால் ஆஃப் சவுண்ட்’ என்ற ஒலிச் சுவரோடு ஊர் ஊராகப் போனார்கள். ஏறத்தாழ 600 ஒலிபெருக்கிகள், 26,000 வாட்டுக்கு மேல், மொத்த எடை எழுபது டன்னைத் தாண்டும். வழக்கமாக ஒலிபெருக்கிகள் பாடகருக்கு முன்னால், இரு பக்கமும் இருக்கும். இங்கே எல்லாம் குழுவின் முதுகுக்குப் பின்னால், சுவராக. கூட்டம் கேட்பதையே குழுவும் கேட்கவேண்டும் என்பது எண்ணம். ஃபில்லின் பேஸில் ஒவ்வொரு தந்திக்கும் தனி அடுக்கு ஒலிபெருக்கி இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது யோசியுங்கள்: ஒலிபெருக்கிக்கு எதிரே மைக்கை நீட்டினால் என்ன ஆகும்? கோயில் திருவிழாவில் கேட்டிருப்பீர்களே, ‘கீ…’ என்று ஊளையிடும். அதைத் தடுக்க, ஒவ்வொரு பாடகருக்கும் இரண்டு மைக்குகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டினார்கள். இரண்டையும் எதிரெதிர்க் கட்டத்தில், அதாவது ஒன்றின் அலை ஏறும்போது மற்றதன் அலை இறங்கும்படி இணைத்தார்கள். பின்னாலிருந்து வரும் ஒலி இரண்டிலும் ஒரே அளவில் விழுந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மேல் மைக்கில் உதட்டை ஒட்டிப் பாடும் குரல் மட்டும் தங்கும். ஆனால் குரலின் கீழ்ப்பகுதி இரண்டாவது மைக்குக்கும் கொஞ்சம் போய்விடும். அந்தப் பங்கும் சேர்ந்து அழியும். மிஞ்சுவது நீங்கள் சொல்லும் தகர டப்பா. உதட்டைச் சற்று விலக்கினால் அதுவும் இல்லை.

அதைச் சுமந்து திரிந்த செலவில் அவர்களே களைத்துப்போய், 1974 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவின் விண்டர்லேண்ட் அரங்கில் ஐந்து இரவு வாசித்துவிட்டு ஓய்வுக்குப் போனார்கள். கேசட்காரன் ஐயாவின் 1975 கச்சேரி அந்த ஓய்வின் நடுவில் நடந்ததுதான்.

எடிசன்\_அக்கா எழுதியது:

இவ்வளவு விஞ்ஞானமும் மேடைக்குப் பின்னால். முன்னால் நின்று மைக் பிடித்தவர்களையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் ஒளித்து எடுத்தார்கள். பிறகு மைக் கம்புகள் காடாக வளர்ந்து, ஒலிக்கலவை மேசையில் இருந்தவருக்கு மேடையே தெரியாமல் போனது. வேறு குழுவாக இருந்தால் துரத்தியிருக்கும். இவர்கள் 1984 அக்டோபரில் பெர்க்லியில், மேசைக்குப் பின்னால் பதிவு செய்பவர்களுக்கென்றே தனி இடம் ஒதுக்கி, தனி டிக்கெட் போட்டார்கள்.

அதே ரசிகர்கள் 2005 நவம்பரில் எப்படிக் கொதித்தார்கள் என்பதும் நினைவிருக்கும். இணையக் காப்பகத்திலிருந்து பதிவிறக்கம் அத்தனையும் திடீரென்று நின்றது. சில நாட்களிலேயே ரசிகர் பதிவுகள் திரும்பி வந்தன. மேசைப் பதிவுகளை மட்டும் அங்கேயே கேட்கலாம், இறக்கிக்கொள்ள முடியாது என்றானது. அப்போது என் மகள் சொன்னாள்: “அம்மா, உனக்கு வேண்டியதை யாரும் தடுக்கவில்லையே, எதற்கு இந்தக் கோபம்?” அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

எண்பதுகளின்\_வக்கீல் எழுதியது:

புரியவைக்க முடியாது அக்கா. என் மகனுக்கு நான் கேசட்டில் பென்சில் விட்டுச் சுற்றுவதே வேடிக்கை.

கேசட்காரன் ஐயா, கார்னெல் விவகாரத்தில் பின்வாங்குகிறீர்களா, இல்லையா? நழுவுகிறீர்கள்.

கேசட்காரன் எழுதியது:

நழுவவில்லை. நேற்றிரவு சேதுவுக்காகவே மறுபடி போட்டேன். இரண்டாம் பகுதி தொடங்கும் முன் குழுவின் இன்னொரு கிதார்காரர் பாப் வியர் கூட்டத்தைப் பார்த்து ஓரடி பின்னால் போங்கள், இன்னும் ஓரடி என்று கேட்பார். முன்வரிசை நசுங்கிக்கொண்டிருந்தது போலும். பல முறை கேட்ட இடம். நேற்றுத்தான் கவனித்தேன்: இந்த நாடாவில் நான் தேடிய கூட்டம் அந்தப் பேச்சில் இருக்கிறது. மே மாதத்தில் வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த இரவு அது.

‘மார்னிங் ட்யூ’ விஷயத்தில் தோற்றேன். கடைசி நிமிடத்துக்கு ஒலிப்பதிவாளர் பொறுப்பல்ல. எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மறுநாள், மே 9 பஃபலோவில் வாசித்ததை இதே அளவு கேட்டவர்கள் எத்தனை பேர்? அதன் தொடக்கத்திலேயே வரும் ‘ஹெல்ப் ஆன் த வே’ வரிசையைக் கேட்டுவிட்டு வாருங்கள், அடுத்த சண்டையை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

மழலை\_காது எழுதியது:

‘யூரோப் 72’ கேட்டேன், பிடித்தது. அந்தத் துணிவில் நேற்று வெனீட்டா டார்க் ஸ்டாரையும் போட்டேன். ஊருக்குப் போகும் இரவு பஸ்ஸில், ஜன்னலோரம். தூங்கவில்லை. மாட்டுக்காரப் பாட்டு வந்ததும் நானும் சிரித்துவிட்டேன், பக்கத்து இருக்கைக்காரர் முறைத்தார்.

ஒரு சந்தேகம் ஐயா. உங்கள் கேசட்டில் அந்த வெட்டு எந்த இடத்தில் வரும்? நானும் அங்கே ஒரு முறை நிறுத்திப் பார்க்க ஆசை.

கேசட்காரன் எழுதியது:

தம்பி, உங்கள் கேள்விக்காகப் பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். கேசட் இருக்கிறது. ஓட்டும் கருவியின் ரப்பர் பட்டை இற்றுப்போயிருந்தது. தெருமுனை ரேடியோ கடைக்காரர் வேறொன்றை வெட்டிப் போட்டுக் கொடுத்தார். வேகம் கொஞ்சம் கூடுதல், கார்சியா அரைச் சுரம் மேலே வாசிக்கிறார்.

பதினெட்டாவது நிமிடம் தாண்டி வருகிறது, என் கருவியின் கணக்கில். உங்கள் கோப்பில் அது பத்தொன்பதாவது நிமிடமாக இருக்கும். முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், ஒரு பிரதி எடுத்து அனுப்புகிறேன். வெற்றுக் கேசட் இப்போது உங்களுக்கு எளிதில் கிடைக்காது, என்னிடம் பிரிக்காதது இரண்டு இருக்கிறது. தபால் செலவு மட்டும் உங்களுடையது.

எடிசன்\_அக்கா எழுதியது:

இரண்டு இருக்கிறதா? அப்படியானால் மற்றொன்று எனக்கு. நாசோ ரசிகர் பதிவை இங்கிருந்து அனுப்புகிறேன்.